சாமுண்டி மலையில் 16,671 ஈக்கள்

ஒரு பால் புட்டி, மசித்த வாழைப்பழம், கொஞ்சம் ஈஸ்ட். மைசூர் ஆய்வாளர்கள் இவற்றோடு மலையேறி எடுத்த கணக்கு, கோயில் மலையின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது.

மைசூரில் சாமுண்டி மலைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. ஆயிரம் படிகளையும் மூச்சு வாங்க ஏறி, வழியில் கருங்கல் நந்தியைச் சுற்றிவந்து, மேலே போய் அம்மனைக் கும்பிடுகிறவர்கள் ஒரு வகை. பஸ்ஸில் ஏறி நோகாமல் போய்ச் சேருகிறவர்கள் இன்னொரு வகை. மைசூர் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வாளர்கள் இந்த இரண்டிலும் சேராதவர்கள். அவர்களுக்கு வேண்டியது கோயில் அல்ல, வழியிலுள்ள புதர்கள். கையில் அர்ச்சனைத் தட்டு இல்லை. ஆனால் வாழைப்பழம் உண்டு. நன்றாகக் கனிந்ததை மசித்து, பால் புட்டிக்குள் போட்டு, மேலே ஈஸ்ட் தூவிய வாழைப்பழம்.

புட்டியைப் புதரின் நிழலான பக்கத்தில் ஒரு கிளையில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். இரவெல்லாம் பழம் புளிக்கும். மறுநாள் போய், சத்தம் காட்டாமல் புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துக் கழற்றி எடுத்தால், உள்ளே சின்னச் சின்ன ஈக்கள். வீட்டில் பழத்தட்டைச் சுற்றி மொய்க்குமே, அதே ஜாதி. விஞ்ஞானிகள் அதை டிரோசோஃபிலா என்பார்கள். நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். கையை வீசி விரட்டுவதற்கு மேல் யாரும் அதற்கு மரியாதை கொடுப்பதில்லை.

ஆனால் குருபிரசாத், ஹெக்டே, கிருஷ்ணா ஆகிய மூவரும் கொடுத்தார்கள். மலையில் 680, 780, 880, 980 மீட்டர் என்று நான்கு உயரங்களைக் குறித்துக்கொண்டு, ஓர் ஆண்டு முழுக்க இந்த ஈக்களைப் பிடித்து எண்ணினார்கள். மொத்தம் 16,671 ஈக்கள். அவற்றில் 20 இனங்கள். 2010இல் ‘ஜர்னல் ஆஃப் இன்செக்ட் சயன்ஸ்’ இதழில் இந்தக் கணக்கு வெளியானது. எந்த இனம் எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ஈயை எண்ணி என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்குப் பதில் சொல்ல, இந்த ஈயின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உலகத்திலேயே அதிகமாக ஆராயப்பட்ட பூச்சி எது என்று கேட்டால் டிரோசோஃபிலாவைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தாமஸ் ஹண்ட் மார்கன் இதை வளர்த்துத்தான், பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் ஜீன்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்று நிரூபித்தார். 1933இல் அவருக்கு நோபல் பரிசு. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் ரகசியத்தை இதே ஈயில் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல். இதன் மரபணுத் தொகுப்பு 2000ஆம் ஆண்டிலேயே படித்து முடிக்கப்பட்டது. வளர்ப்பதும் சுலபம். 25 டிகிரி வெப்பத்தில், முட்டையிலிருந்து சுமார் பத்து நாளில் புதிய தலைமுறை தயார்.

மைசூருக்கும் இந்த ஈக்கும் உறவு பழையது. மானசகங்கோத்ரி வளாகத்தில் டிரோசோஃபிலாவுக்கென்றே ஒரு சேமிப்பு மையம் இருக்கிறது. விதவிதமான இனங்களைத் தலைமுறை தலைமுறையாகப் புட்டிகளில் வளர்த்துப் பாதுகாக்கும் இடம் அது. ஈக்களுக்குப் போடும் சாப்பாட்டின் செய்முறையைக் கேட்டால் நாக்கில் நீர் ஊறும். கோதுமை ரவை, வெல்லம், தண்ணீர், கெட்டிப்படுத்த அகர். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் புரோபியானிக் அமிலத்தை மட்டும் விட்டுவிட்டால் கிட்டத்தட்ட கேசரிதான்.

ஆனால் புட்டிக்குள் வாழும் ஈயைப் பற்றித் தெரிந்த அளவுக்கு, வெளியே வாழும் ஈயைப் பற்றித் தெரியாது. அதன் ஒவ்வொரு ஜீனையும் பெயர் சொல்லி அழைக்க முடியும். ஆனால் அது மலையின் எந்த மட்டத்தில் குடியிருக்கிறது, மழை வந்தால் பெருகுகிறதா, வெயில் வந்தால் எங்கே போகிறது என்பதை ஆய்வுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியாது. மலையேறித்தான் ஆக வேண்டும்.

மலை என்பது பூச்சி ஆய்வாளர்களுக்கு இயற்கையே கட்டிக்கொடுத்த பரிசோதனைச் சாலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சமவெளியில் அந்த வித்தியாசத்தைப் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே பயணம் செய்ய வேண்டியிருக்கும். மலையில் ஒரே நாளில், அதே மேகத்தின் கீழ், சூடான அடிவாரத்தையும் குளிர்ந்த உச்சியையும் ஒப்பிட்டுவிடலாம். 1802இல் ஆண்டீஸ் மலைத்தொடரின் சிம்போராசோவில் ஏறிய ஜெர்மானியர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், உயரம் மாற மாறச் செடிகொடிகள் எப்படி அடுக்கடுக்காக மாறுகின்றன என்று படமாகவே வரைந்து காட்டினார். அன்றிலிருந்து மலையை ஏணியாகப் பார்ப்பது விஞ்ஞானிகளின் பழக்கமாகிவிட்டது.

இந்த ஏணியில் சாமுண்டி மலை சின்னப் படி. ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். சாமுண்டி மலையோ ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஆய்வு நடந்த இடங்களுக்கு இடையிலான உயர வித்தியாசம் வெறும் 300 மீட்டர். வெப்பக் கணக்குப்படி பார்த்தால் இரண்டு டிகிரி தேறும். மனிதனுக்கு அது ஒரு மின்விசிறியின் வித்தியாசம்கூட இல்லை.

பூச்சிக்கு அப்படி அல்ல. அதன் உடலுக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது. வெளியே என்ன வெப்பமோ அதுதான் உள்ளேயும். முட்டை பொரிப்பது, புழு வளர்வது, சிறகு உலர்வது என்று எல்லாம் அதைப் பொறுத்தது. 1967இல் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் ஒரு புகழ்பெற்ற வாதத்தை முன்வைத்தார். குளிர்நாட்டுப் பிராணி, ஆண்டுதோறும் கடுங்குளிரையும் கோடையையும் மாறி மாறிப் பார்த்துப் பழகியது. மலையேறினால் வரும் குளிர் அதற்குப் புதிதல்ல. வெப்பநாட்டுப் பிராணி வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வாழ்ந்து பழகியது. ஆகவே அதே உயரமுள்ள மலை வெப்பநாட்டுப் பிராணிக்கு இன்னும் பெரிய தடை. இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், மைசூரின் சிறிய மலைகூட ஈக்குச் சிறியதல்ல.

கணக்கும் அதையே சொல்கிறது. ஈக்களின் அடர்த்தி பருவத்துக்குப் பருவம் கணிசமாக மாறியது. உயரமும் அதைப் பாதித்தது. எந்த இனமும் மலை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. எத்தனை இனங்கள் எவ்வளவு சமமாகக் கலந்து வாழ்கின்றன என்பதை அளக்கச் சூழலியலாளர்கள் சிம்ப்ஸன் குறியீடு என்ற ஒன்றைப் பயன்படுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஈக்களை எடுத்தால் இரண்டும் ஒரே இனமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் அது. எண் குறைந்தால் பன்மை அதிகம் என்று பொருள். 680 மீட்டரில் அந்த எண் 0.129. அதாவது நூற்றில் பதின்மூன்று வாய்ப்புதான். நான்கு உயரங்களில் ஈக்களின் சமுதாயம் மிகவும் கலவையாக இருந்தது அடிவாரத்தில்தான்.

நான்கு உயரங்களிலும் கிடைத்து, மலையையே ஆண்டவை என்று சொல்லத்தக்க இனங்கள் இரண்டு. ஒன்றின் பெயர் மலேர்கோட்லியானா. பஞ்சாபின் மலேர்கோட்லா ஊரின் பெயரால் 1964இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. பிறகு தென் அமெரிக்கா வரை போய்க் குடியேறிவிட்ட ஊர்சுற்றி. எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும் இத்தகைய இனம் நான்கு மட்டங்களிலும் இருந்ததில் வியப்பில்லை.

இன்னொன்று நசூட்டா. மைசூருக்கு இது வெறும் காட்டு ஈ அல்ல, செல்லப்பிள்ளை. இதற்கு எட்டு குரோமோசோம்கள். இதன் நெருங்கிய சொந்தமான அல்போமிகன்ஸுக்கு ஆறு. எண்ணிக்கை வேறுபட்டாலும் இரண்டையும் கலந்தால் வாரிசுகள் பிறக்கின்றன. அந்த வாரிசுகளுக்கும் வாரிசு உண்டு. எச்.ஏ. ரங்கநாத், என்.பி. ராமச்சந்திரா உள்ளிட்ட மைசூர் விஞ்ஞானிகள் இந்தக் கலப்பு ஈக்களைப் பல நூறு தலைமுறைகள் வளர்த்தார்கள். அவற்றிலிருந்து தாய்க்கும் தந்தைக்கும் இல்லாத குரோமோசோம் அமைப்புகளோடு புதிய வகைகள் நிலைபெற்றன. ‘சைட்டோரேஸ்’ என்று பெயரிடப்பட்ட அவை பதினாறு. புதிய இனம் உருவாவதன் முதல் கட்டங்களைப் புட்டிக்குள்ளேயே பார்க்க முடியும் என்று மைசூர் உலகத்துக்குக் காட்டியது இப்படித்தான். அந்தப் பரிசோதனையின் மூலப்பாத்திரங்களில் ஒன்று, படியேறும் பக்தர்களின் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

களப்பணி என்ற சொல் கேட்க எளிது. ஆனால் அதில் சிக்கல்கள் பல. வாழைப்பழத்துக்கு வராத ஈயும் உண்டு. அதனால் புட்டிப் பொறியோடு நிறுத்தாமல், அழுகிய பழங்கள் கிடக்கும் நிழலில் வலை வீசியும் பிடிக்க வேண்டும். ஒரு நாள் மழை, ஒரு நாள் காற்று என்று மாறும். ஆகவே ஒரே தடவை போய்ப் பிடித்துவிட்டு மலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. கோடையில் ஒன்றிரண்டு ஈக்களோடு புட்டி திரும்பினாலும் அதையும் எழுதி வைக்க வேண்டும். பிடிபடாததும் ஒரு தகவல்தான்.

பிடித்த பிறகுதான் உண்மையான வேலை. ஈக்களை ஈதரால் மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். சில இனங்களில் ஆணின் முன்னங்காலில் சீப்புப் பல் போன்ற கறுப்பு மயிர்வரிசை இருக்கும். அதில் எத்தனை பல், எங்கே என்பதுதான் அடையாளம். நசூட்டா ஆணின் நெற்றியில் வெள்ளி பூசியதுபோல் மினுங்கும். பெண் ஈக்களில் பலவற்றைப் பிரித்தறிவது பழகிய கண்களுக்கே கஷ்டம். இப்படி 16,671 தடவை. கம்ப்யூட்டர் வந்து கணக்குப் போடுவதை எளிதாக்கியிருக்கிறது. பார்ப்பது இன்னும் கண்தான்.

இதோடு இன்னொரு கணக்கை ஒப்பிட்டால் சுவாரசியமாக இருக்கும். எண்பதுகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கரும் சகாக்களும் இதே கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் தோட்டங்களிலும் பூச்சிகளைத் திரட்டினார்கள். இரவில் விளக்குப் பொறி, புல்லில் வலை, தரையில் புதைத்த குழிப் பொறி என்று பல முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். ஈ, வண்டு, எறும்பு, குளவி என்ற பாகுபாடு கிடையாது, வந்ததெல்லாம் கணக்கில். 1990இல் வெளியான முடிவின்படி கிடைத்தவை 16,852 பூச்சிகள், 1,789 இனங்கள்.

இரண்டு கணக்கிலும் பூச்சிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் இருபது இனங்கள், மற்றதில் ஆயிரத்து எண்ணூறு. ஒன்று ஆழம் தோண்டுவது, மற்றது அகலம் பார்ப்பது. அகலமான கணக்கு, காட்டில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லும். ஆனால் அதில் பல இனங்களுக்கு ஒன்றிரண்டு பூச்சிகள்தான் சாட்சி. ஆழமான கணக்குதான், குறிப்பிட்ட ஓர் இனம் எந்த மாதத்தில் எந்த உயரத்தில் கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும். இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

இந்தக் கணக்குகளின் மதிப்பு அவை வெளியான அன்று தெரிவதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. இதற்கு நல்ல உதாரணம் போர்னியோ தீவின் கினபாலு மலை. 4,095 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் 1965இல் ஒரு குழு ஏறி, எந்த உயரத்தில் எந்த அந்துப்பூச்சி என்று குறித்து வைத்தது. 2007இல், 42 ஆண்டுகள் கழித்து, இன்னொரு குழு அதே இடங்களைத் தேடிப்போய் மறுபடி பிடித்துப் பார்த்தது. 102 இனங்களை ஒப்பிட்டபோது, அவை சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. அடிவாரம் சூடாகிவிட்டதால், பூச்சிகள் தங்களுக்குப் பழகிய குளிரைத் தேடி மாடியேறியிருக்கின்றன. 1965இல் யாரும் புவி வெப்பமாவதை அளக்கப் போகவில்லை. ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் 2007இல் எதையும் அளந்திருக்க முடியாது.

ஜெர்மனியிலிருந்து வந்த செய்தி இன்னும் கவலை தருவது. அங்கே கிரேஃபெல்ட் நகரத்தின் பூச்சி ஆர்வலர்கள் 1989 முதல் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கூடாரம் போன்ற பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளை எடைபோட்டு வந்தார்கள். 2017இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை 76 சதவீதம் குறைந்துவிட்டது. எல்லா இடங்களிலும் எல்லா ஆண்டும் பொறி வைக்கவில்லை என்ற விமர்சனம் உண்டு. ஆனால் விமர்சிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதே என்பதுதான் விஷயம். இந்தியாவில் அப்படி நீண்டகாலம் தொடர்ந்து எடுத்த பூச்சிக் கணக்கு அபூர்வம். புலியை எண்ணுவதற்கு ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. பழத்தை மக்க வைத்து, பூவுக்கு மகரந்தம் சுமந்து, பறவைக்கும் தவளைக்கும் சிலந்திக்கும் இரையாகிக் காட்டைத் தாங்கும் ஜீவன்களை எண்ண, ஒரு ஆராய்ச்சி மாணவரின் உற்சாகம்தான் திட்டம்.

சாமுண்டி மலைக்கே திரும்பினால் அவசரம் புரியும். கினபாலுவின் அந்துப்பூச்சிக்கு ஏறிப்போக இன்னும் இடம் இருந்தது. ஆயிரம் மீட்டர் மலையின் ஈ எங்கே ஏறும்? மேலே வானம்தான். சமவெளிக்கு நடுவே தனித்து நிற்கும் மலை, ஒரு தீவு மாதிரி. கொல்லிமலை, சிறுமலை, யேர்க்காடு என்று தமிழ்நாட்டில் உள்ள தனி மலைகளுக்கும் இதே கதிதான்.

மலையும் சும்மா இருக்கவில்லை. ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதுகிறது. உச்சியில் கடைகளும் கட்டடங்களும் பெருகியிருக்கின்றன. கோடையில் புல்லில் தீப்பிடிக்கிறது. 2021 அக்டோபர், நவம்பரில் கொட்டிய மழையில் நந்திக்குப் போகும் சாலை சரிந்து விழுந்தபோதுதான், மலைக்கும் ஒரு தாங்கும் சக்தி உண்டு என்று ஊர் பேச ஆரம்பித்தது. சாலை சரிந்தால் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு புதரோடு அதை நம்பிய ஈ இனம் போனால் சத்தமே வருவதில்லை. எண்ணியவர்கள் இருந்தால் மட்டுமே தெரியும்.

இதற்கு ஆகும் செலவு ஒன்றும் கோடிகளில் இல்லை. புட்டியும் பழமும் ஈஸ்ட்டும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு வலை, ஒரு நுண்ணோக்கி, உயரம் காட்டும் கருவி, வனத்துறையின் அனுமதி. மலைக்குப் பக்கத்தில் இருக்கும் எந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையாலும் முடியும். கிடைக்காதது ஒன்றுதான்: ஈயின் காலைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லக்கூடிய ஆள். வகைப்பாட்டியல் என்ற அந்தத் துறைக்கு மவுசு குறைந்து வெகு காலமாகிறது. மூலக்கூறு ஆராய்ச்சிக்கு மானியம் கிடைக்கும், பேரும் கிடைக்கும். பூச்சிக்குப் பெயர் வைக்க உட்காரும் மாணவருக்கு வேலை கிடைக்குமா என்பதே சந்தேகம். டி.என்.ஏ.வைப் படித்து இனத்தைக் கண்டுபிடிக்கும் முறை வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, சரியாகப் பெயரிட்ட மாதிரி ஒன்று முதலில் இருக்க வேண்டும். அந்தப் பெயரை யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

மைசூர்க்காரர்களின் கணக்கில் குறை இல்லாமலில்லை. ஓர் ஆண்டு என்பது ஒரே ஒரு மழைக்காலம். அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் படம் மாறும். உயரத்தோடு செடிகளும் ஈரமும் மனித நடமாட்டமும் சேர்ந்தே மாறுவதால், எது காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒன்றுதான்: மறுபடி எண்ணுவது. 680, 780, 880, 980. எங்கே, எப்படி என்பது எழுத்தில் இருக்கிறது. முதல் கணக்கு இருப்பதால்தான் இரண்டாவது கணக்குக்கு அர்த்தம் வரும். அதற்குத் தேவை இன்னும் கொஞ்சம் வாழைப்பழமும், படியேறச் சலிக்காத கால்களும்.